பொறுப்பு எனக்கு, செக் புத்தகம் அவருக்கா?

வட மாவட்டம் ஒன்றின் மலையடிவார ஊரிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 39. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். பதினான்கு வருடங்களாக ஒரே டிரஸ்டில் வேலை. ஃபீல்டு ஒர்க்கராகச் சேர்ந்தவர் இப்போது திட்ட ஒருங்கிணைப்பாளர். சம்பளம் 28,000 ரூபாய். நாற்பது சொச்சம் கிராமங்களில் கர்ப்பிணிகள், காசநோயாளிகள், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற டிரஸ்ட் அது. வாரத்தில் இரண்டு நாள் சின்னதாக ஒரு கிளினிக்கும் நடக்கிறது. பணம் பாதி வெளிநாட்டு நன்கொடை, மீதி கம்பெனிகள் தரும் சி.எஸ்.ஆர். எனும் சமூகப் பொறுப்பு நிதி.

நிறுவனரை ஊரே டாக்டரம்மா என்றுதான் அழைக்கிறது. 76 வயது. சமீபமாக உடம்பு முடியவில்லை. "இனிமே நீதான் பார்த்துக்கணும், உன்னை மேனேஜிங் டிரஸ்டி ஆக்கிடறேன்" என்று வாசகியிடம் சொல்லியிருக்கிறார். கூடவே, "கணக்கு, செக் எல்லாம் தம்பி வழக்கம்போலப் பார்த்துப்பான், நீ ஃபீல்டைப் பாரு, போதும்" என்றும் சொல்லியிருக்கிறார். தம்பி என்பது அவருடைய கூடப்பிறந்த தம்பி, டிரஸ்டிகளில் ஒருவர்.

வாசகியின் கேள்விகள் இவை. டிரஸ்டி ஆகிவிட்டால் சம்பளம் வாங்கக் கூடாதாமே? பழைய கணக்கில் ஏதாவது தவறு இருந்தால் என் தலையில் விழுமா? பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) ராத்திரி நர்ஸ் இல்லாததைக் கிராமசபையில் பேசினேன், வட்டார மருத்துவ அலுவலர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார், "இப்படிப் பேசினா எஃப்.சி.ஆர்.ஏ. போயிடும்" என்று, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவைச் சொல்லி, ஒரு டிரஸ்டி திட்டினார். அது உண்மையா? நான் டாக்டர் இல்லை, இங்கிலீஷும் சரளமாக வராது, ஒரு மருத்துவ அமைப்புக்கு நான் எப்படித் தலைமை தாங்குவது? அரசுப் பள்ளி ஆசிரியரான கணவர் "வேண்டாம், மாட்டிக்குவே" என்கிறார். முடியாது என்று சொன்னால் டாக்டரம்மாவிடம் நன்றி கெட்டவள் ஆகிவிட மாட்டேனா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பதினோரு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எண் போட்டுக் கேட்ட கேள்விகளைவிட, ஏழாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. "எங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் எட்டு மாதமாகப் பாஸ்புக்கில் ஏறவில்லை. கேட்டால் ஃபண்ட் வந்ததும் கட்டிவிடுவோம் என்கிறார்கள்." மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைப் பேசுவோம்.

அந்த எட்டு மாதம்

ஊழியர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் டிரஸ்டின் பணமே அல்ல. அது ஊழியருடையது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதைச் சட்டம் வெறும் தாமதமாகப் பார்ப்பதில்லை, நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. வட்டி, அபராதம் எல்லாம் இதற்கு மேல்.

நோட்டீஸ் வரும்போது அது யார் பெயருக்கு வரும் தெரியுமா? நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர் பெயருக்கு. அதாவது, நீங்கள் சம்மதித்தால், உங்கள் பெயருக்கு.

சில வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். மரியாதைக்காக ஒரு சிறிய தொண்டு அமைப்பின் செயலாளர் பதவியை ஏற்றுக்கொண்டவர். மாதம் ஒரு கூட்டம், ஒரு டீ, இரண்டு கையெழுத்து. மூன்றாவது வருடம் பி.எஃப். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செக் புத்தகத்தை அவர் ஒரு நாள்கூடக் கையில் தொட்டதில்லை. "நான் கையெழுத்தே போடலையே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாதம் கடைசியில் ஓரளவு எடுபட்டது. ஆனால் அதற்குள் நாலு வருட ஹியரிங், வக்கீல் ஃபீஸ், தூக்கம் போன ராத்திரிகள்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிறேன். நீங்கள் வருவதற்கு முன் இன்னொருவர் செய்த தவறுக்கு நீங்கள் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியதில்லை. 1882-ஆம் வருட இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அந்தச் சட்டம் நேரடியாகத் தனியார் அறக்கட்டளைகளுக்கானது என்றாலும், பொது அறக்கட்டளை வழக்குகளிலும் நீதிமன்றங்கள் அதே நியாயங்களைப் பின்பற்றுகின்றன. ஆனால் பாக்கி, டிரஸ்டின் மேல் நிற்கும். நீங்கள் பதவியேற்ற பிறகு கட்டாமல் விடும் ஒன்பதாவது மாதம் பழைய கதை ஆகாது. அது உங்களுடையது. எட்டு மாத பாக்கியைக் கட்டிய செலான் நகல்கள் கையில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"ராஜினாமா செய்துவிட்டால் முடிந்தது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடியாது. பதவியில் இருந்த காலத்துக்கான பொறுப்பு ராஜினாமாவோடு போவதில்லை.

நாற்காலியும் கையெழுத்தும்

"டாக்டரம்மாவின் டிரஸ்ட், அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்" என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. அவருடைய உழைப்பில் வளர்ந்தது, உண்மை. சட்டப்படி அது அவருடைய சொத்து அல்ல. பொதுமக்களின் நன்மைக்காக எழுதிவைத்த அறக்கட்டளை, எழுதிவைத்த நிமிடமே எழுதியவரின் கையை விட்டுப் போய்விடுகிறது. டிரஸ்டிகள் காவலர்கள்தான். அவர்கள் தவறாக நடந்தால், அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவின்கீழ் வழக்குப் போட முடியும். உங்கள் நாற்பது கிராமங்களில் சிகிச்சை பெறும் யாரும் அந்த இரண்டு பேராக இருக்கலாம்.

இப்படிப் பார்த்தால் டாக்டரம்மா சொன்ன ஏற்பாட்டின் கோணல் புரியும். மேனேஜிங் டிரஸ்டி என்ற பெயர் உங்களுக்கு; பணம் அவர் தம்பிக்கு. அவர் நேர்மையானவரா இல்லையா என்பதற்குள்ளேயே நான் போகவில்லை. மிக நேர்மையானவராகவே இருக்கட்டும். டிரஸ்டியின் கடமையை இன்னொருவரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்று இருக்கச் சட்டம் இடம் தரவில்லை. சக டிரஸ்டியின் தவறுக்கு நீங்கள் பொதுவாகப் பொறுப்பல்ல என்று 26-ஆவது பிரிவு ஆறுதல் சொல்கிறது. அதே பிரிவு, பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு அதை என்ன செய்தார் என்று சரியாக விசாரிக்காமல் விட்டவருக்கு அந்த ஆறுதல் கிடையாது என்றும் சொல்கிறது.

அதனால் டிரஸ்ட் டீடை, அதாவது அறக்கட்டளையை எழுதிவைத்த பத்திரத்தை, வாங்கிப் படியுங்கள். முழுவதும். இதுவரை பார்த்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருடம் வேலை செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பார்த்திருக்க மாட்டார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மேனேஜிங் டிரஸ்டியை நியமிப்பது யார், நிறுவனரா போர்டா? நியமித்தவரே நினைத்தால் நீக்கிவிட முடியுமா? வங்கிக் கணக்கை இயக்குவது யார், ஒரு கையெழுத்தா இரண்டா? டிரஸ்டிக்குச் சம்பளம் உண்டா? டீடைத் திருத்தலாம் என்று அதிலேயே ஒரு ஷரத்து இருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். திருத்தும் அதிகாரம் டீடிலேயே இல்லையென்றால், டாக்டரம்மாவே விரும்பினாலும் உட்கார்ந்து மாற்றி எழுதிவிட முடியாது. நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

டீடோடு சேர்த்து மூன்று வருட ஆடிட் அறிக்கை, மினிட்ஸ் புத்தகம், வருமான வரிப் பதிவுச் சான்றிதழ், எஃப்.சி.ஆர்.ஏ. சான்றிதழ், வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி-4 ஆண்டறிக்கைகள் ஆகியவற்றையும் கேளுங்கள். வரிவிலக்குக்கான பிரிவுகளை 12ஏ, 80ஜி என்று நம் ஆட்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025-ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன, அதில் குழம்ப வேண்டாம். சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எஃப்.சி.ஆர்.ஏ. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. தேதி நெருங்கிக்கொண்டிருந்தால் அந்த விண்ணப்பத்தில் யார் கையெழுத்து என்று கேட்டு வையுங்கள். ஆடிட்டர் உங்களோடு ஒரு மணி நேரம் தனியாக உட்காரத் தயங்கினால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

செக் விஷயத்தில் என் யோசனை, தம்பியை ஒதுக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள் என்பதே. இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று கட்டாயம் உங்களுடையது என்று போர்டு தீர்மானம் போடட்டும். வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேரும் கணக்கு டெல்லியில், ஸ்டேட் பேங்க் நாடாளுமன்றச் சாலைக் கிளையில் இருக்கும். அந்தக் கணக்கிலும் அதேபோல. நெட் பேங்கிங் ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பல டிரஸ்டுகளில் உண்மையான அதிகாரம் அந்த ஒரு போனில்தான் இருக்கிறது.

சம்பளம் வாங்கலாமா?

வாங்கலாம். டீடில் இடம் இல்லாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்க உரிமை கிடையாது என்பதுதான் சட்டம். அதைத்தான் ஊரில் "டிரஸ்டி சம்பளமே வாங்கக் கூடாது" என்று சுருக்கிவிட்டார்கள். வருமான வரிச் சட்டமும் டிரஸ்டி செய்யும் வேலைக்கு நியாயமான சம்பளத்தைத் தடுக்கவில்லை. வேலைக்குப் பொருந்தாத தொகையை எடுத்தால்தான் வரிவிலக்குக்கு ஆபத்து. தொண்டு என்றால் இலவசம் என்ற நினைப்பு வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்களுக்குச் சௌகரியமானது. அந்த நினைப்பு இருக்கும்வரை, உங்களைப் போலக் கீழிருந்து வந்த பெண்கள் தலைமைக்கு வரவே முடியாது.

ஆனால் இதில் யாரும் சொல்லித்தராத சிக்கல் ஒன்று இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இருந்தது. போர்டு உறுப்பினர்கள் வாங்கும் சம்பளமும் பயணச் செலவும் விதிகளின்படி நிர்வாகச் செலவு. அமைப்பை நிர்வகிப்பதற்கென்று வைக்கும் ஆட்களின் சம்பளமும் அப்படித்தான். இன்று உங்கள் 28,000 திட்டச் செலவாகக் கணக்கில் போகிறது என்றால், நாற்காலி மாறிய மறுமாதம் அது நிர்வாகச் செலவு ஆகிவிடும். அந்த 20-க்குள் ஏற்கெனவே ஆபீஸ் வாடகை, அக்கவுண்டன்ட், ஆடிட் ஃபீஸ் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். உங்கள் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வரும் என்று பட்ஜெட் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சி.எஸ்.ஆர். பணம் என்றால் அந்த கிராண்ட் எப்போது முடிகிறது என்பதையும்.

அடுத்தது கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குச் சேர வேண்டியது. 28,000-மும் அடிப்படைச் சம்பளம் என்றே வைத்துக்கொண்டால், அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பதினான்கு வருடத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 2,26,000 ரூபாய். "வேலையை ராஜினாமா செய்துவிட்டு டிரஸ்டியாக மதிப்பூதியம் வாங்கிக்கொள்" என்று சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடே சொல்லக்கூடும். அப்படியென்றால் இந்தத் தொகையை அன்றே தீர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது பணித்தொடர்ச்சி உண்டு என்று எழுத்தில் தர வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் பத்து வருடம் கழித்து யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

உங்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. டிரஸ்டி ஆகாமலேயே செயல் இயக்குநர் ஆகலாம். சம்பளம் வாங்கும் ஊழியர், போர்டுக்குப் பதில் சொல்பவர், எழுதிக்கொடுத்த அதிகாரம், நோட்டீஸ் காலம், பி.எஃப். எல்லாம் தொடரும். எஃப்.சி.ஆர்.ஏ. பார்வையில் அப்போதும் நீங்கள் முக்கியப் பொறுப்பாளர்தான், உள்துறை அமைச்சகத்துக்கு 45 நாளுக்குள் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், ஆதார் கேட்பார்கள். 20 சதவீதச் சிக்கலும் போகாது. ஆனால் டிரஸ்ட் சொத்தின் காவலர் என்ற பாரம் இல்லை. இரண்டு வருடம் இப்படி இருந்து பார்த்துவிட்டு டிரஸ்டி ஆவதைப் பற்றி யோசிக்கலாம். என்னைக் கேட்டால் உங்களுக்கு இதுதான் சரி. டாக்டரம்மாவுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். தம்பிக்கு நிம்மதியாக இருக்கலாம்.

கிராமசபையில் பேசியது குற்றமா?

குற்றம் இல்லை. ஆனால் நீங்கள் பேசிய விதத்தில் ஒரு சின்னச் சறுக்கல் இருக்கிறது. கிராமசபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர்களின் சபை. நீங்கள் டவுனில் வாக்காளர். டிரஸ்டின் அடையாள அட்டையோடு போய் அங்கே பேசினால், பி.எச்.சி. தரப்பு அதை ஒரு அமைப்பு தன்மேல் வைத்த புகாராகத்தான் எடுத்துக்கொள்ளும். அதே விஷயத்தை, ராத்திரி வலி எடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் மாமியார் எழுந்து பேசி, தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் பி.டி.ஓ. அலுவலகம் தட்டிக்கழிப்பது கஷ்டம். வருடத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த தேதிக்குள் அந்த மாமியாரைத் தயார் செய்வதுதான் உங்கள் வேலை.

எஃப்.சி.ஆர்.ஏ. பயத்துக்கு வருகிறேன். அரசியல் தன்மை கொண்ட அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பந்த், ரயில் மறியல், சாலை மறியல் என்று மக்கள் பிரச்சினைக்காக வழக்கமாக இறங்கும் அமைப்பையும் இந்த வகையில் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. 2020 மார்ச்சில், இன்சாஃப் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் சுருக்கிப் பொருள் சொன்னது. அரசியல் நோக்கம் இல்லாமல் மக்களின் உரிமைக்காக நிற்கும் அமைப்பை அதற்காகவே அரசியல் அமைப்பு என்று தண்டிக்க முடியாது. நர்ஸ் கேட்பது கட்சி அரசியல் அல்ல. அதே சமயம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். பதிவு ரத்தாவதும் புதுப்பித்தல் மறுக்கப்படுவதும் நடக்கிறது. நான் கையாண்ட வழக்குகளில் பிடி கொடுத்தது பெரும்பாலும் கணக்குதான்: 20 சதவீதம் தாண்டியது, ஒரு அமைப்புக்கு வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றியது, எஃப்.சி-4 தாமதமானது. மக்களுக்காகப் பேச வேண்டும் என்றால் முதலில் ரசீது புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும். உங்களைத் திட்டிய டிரஸ்டி, அந்தக் கோபத்தை பி.எஃப். பக்கம் திருப்பியிருக்கலாம்.

பேசுவதற்கு உங்களிடம் இருக்கும் பெரிய பலம் உங்கள் பதிவேடுகள். மகாராஷ்டிரத்தின் கட்ச்சிரோலியில் டாக்டர் தம்பதி அபய் பங், ராணி பங் இருவரும் அதைத்தான் செய்தார்கள். பிறந்த குழந்தைகளின் சாவுகளைக் கிராமம் கிராமமாக எண்ணினார்கள். ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, சாவு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்ததைக் கணக்கோடு 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அந்த எண்களுக்குப் பிறகு, வீட்டுக்கே போய்ப் பச்சிளம் குழந்தையைப் பார்க்கும் முறை அரசின் திட்டமாகவே மாறியது. நீங்கள் லான்செட்டுக்கு எழுத வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், அவர்கள் எங்கே போய்ப் பெற்றெடுத்தார்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு செலவு என்று ஆறு மாதம் எழுதுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு: அந்த பி.எச்.சி.க்கு அனுமதிக்கப்பட்ட நர்ஸ் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, இரவுப் பணி அட்டவணை நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மனுவை டிரஸ்டின் லெட்டர்ஹெட்டில் போடாதீர்கள். அந்தச் சட்டம் உரிமை கொடுத்திருப்பது குடிமக்களுக்கு. தனிநபர் பெயரில் போடுவதுதான் முறை.

அந்த வட்டார மருத்துவ அலுவலரை எதிரியாக நினைக்காதீர்கள். ஆள் பற்றாக்குறை அவர் உண்டாக்கியது அல்ல. எண்களை முதலில் அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். மேலிடத்துக்குப் பணியிடம் கேட்டு எழுத அவருக்கே அந்தத் தாள் உதவும். ஒத்துவரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் இருக்கவே இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்காதது உரிமை மீறல் என்று சொல்ல வைத்ததும் ஒரு விவசாயக் கூலிகள் சங்கம்தான். 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக்கை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் அந்தச் சங்கத்து உறுப்பினர். சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 1996-இல் வந்த தீர்ப்பு, அவசர சிகிச்சை தராதது வாழ்வுரிமையை மீறுவது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. உங்கள் போர்டு கூட்டத்தில் "இதெல்லாம் நம்ம வேலையா?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் போர்டு யோசிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அரசே வீட்டுக்குக் கொண்டுவருகிறது. உங்கள் டிரஸ்ட் இருபது வருடமாகச் செய்த வேலையில் பாதியை அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. நல்லதுதான். இனி உங்களுக்கு மிச்சம் இருப்பது, அந்த மாத்திரை யாருக்கு வரவில்லை என்று பார்த்துக் கேட்பது. அந்த வேலைக்கு ஃபீல்டு தெரிந்தவர் தேவை. டாக்டரம்மா உங்களைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு ஒன்றும் தவறவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று

பதினாறு, பதினேழு வயதுக் கர்ப்பிணிகளை "பிரச்சினை ஆகாமல் பார்த்துக்கொண்டோம்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எந்த அர்த்தத்தில் எழுதினீர்கள் என்று எனக்குப் புரிகிறது; ஃபீல்டில் அந்தப் பெண்ணின் நம்பிக்கை போய்விட்டால் அவள் செக்கப்புக்கே வரமாட்டாள். ஆனாலும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாதது குற்றம். நிறுவனத் தலைவருக்கு இதில் கூடுதல் பாரம் உண்டு. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு சின்ன வாசலைத் திறந்தது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை. அது டாக்டருக்குத்தான்; உங்கள் ஃபீல்டு ஒர்க்கர்களுக்கு அல்ல. நீங்கள் பொறுப்பேற்றால் முதல் மாதமே ஒரு வழக்கறிஞரை வைத்து உங்கள் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். யாருடைய வாயிலிருந்தோ வரும் தகவலுக்கு உங்கள் ஊழியர் ஒருவர் ஸ்டேஷனில் உட்காரும்படி ஆகிவிடக் கூடாது.

கிளினிக்குக்கு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்கிறதா, டாக்டரம்மா வராத நாளில் மருந்து எழுதிக்கொடுப்பது யார் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டாக்டர் பட்டம், இங்கிலீஷ்

இதற்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் 1970-இல் ஆரோலே டாக்டர் தம்பதி தொடங்கிய கிராம சுகாதார வேலையைத் தோளில் சுமந்தவர்கள் கிராமத்துப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். அந்தத் தம்பதிக்கு 1979-இல் மகசேசே விருது கிடைத்தது. மருத்துவ முடிவை மருத்துவர் எடுப்பார். அமைப்பை நடத்த மருத்துவர் பட்டம் தேவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், பயத்துக்காகப் படிக்க வேண்டாம். அதற்கு முன் பேலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நல்ல அக்கவுண்டன்ட் நாலு சனிக்கிழமையில் சொல்லிக்கொடுத்துவிடுவார். இங்கிலீஷ் அறிக்கைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

கணவரிடமும் அம்மாவிடமும்

உங்கள் கணவர் தடை போடுகிறார் என்று நான் படிக்கவில்லை. அரசு ஊழியர், ஆடிட், நோட்டீஸ், விளக்கம் கேட்பு எல்லாம் அருகிலிருந்து பார்த்திருப்பார். டீடையும் ஆடிட் அறிக்கையையும் அவரோடு உட்கார்ந்து படியுங்கள். இரண்டு கண்ணுக்கு நாலு கண் நல்லது. வீட்டுப் பத்திரத்தையோ நகையையோ டிரஸ்டின் கடனுக்கு ஜாமீனாக வைக்கமாட்டேன் என்று மட்டும் அவருக்கு வாக்குக் கொடுத்துவிடுங்கள். அதை யார் கேட்டாலும் மீறாதீர்கள்.

டாக்டரம்மா விஷயத்தில்தான் உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. முதல் பிரசவத்தில் உங்களைக் காப்பாற்றியவர் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் முடியாது என்று சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. தம்பி இல்லாத நேரம் பார்த்து, சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். "அம்மா, நீங்க ஆரம்பிச்சதை நான் பார்த்துக்கறேன். ஆனா பி.எஃப். பாக்கியைக் கட்டிட்டு, ரெண்டு கையெழுத்துன்னு போர்டில எழுதிட்டு, டைரக்டரா என்னை வைங்க. டீடை ஒரு தடவை படிச்சுப் பார்க்கறேன்" என்று சொல்லுங்கள். எட்டு மாதமாகப் பணம் கட்டவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படி என்றால், அதை அவரிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அவர் கோபித்துக்கொண்டால் எழுதுங்கள். டீடைக் கொடுத்துவிட்டால், சம்பளம், நியமனம், திருத்தம் பற்றிய பக்கங்களை மட்டும் நகல் எடுத்து, பெயர்களை மறைத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, செயல் இயக்குநர் நியமனக் கடிதத்தில் எந்த வரிகள் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.